எந்த முகத்தைக் கண்டு அந்தக் கிழவி அழுதாள்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஞாயிறு வாரமலர் ஒன்றில் உதவி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அதில் மூன்று தலைமுறைக் கதையொன்று தொடராக வந்தது. அப்பம்மா, மகன், பேத்தி. வேறிடத்தில் வளர்ந்த பேத்தி குமரியான பின் முதன்முறையாக ஊருக்கு வருகிறாள். படலையடியில் நிற்கும் அவளைக் கண்டதும், பெயர்கூடக் கேளாமல் கிழவி கட்டியணைத்து அழுகிறாள். கதையின் முடிச்சே அந்த இடந்தான். ஓவியரும் அந்தக் காட்சியைத்தான் வரைந்திருந்தார். கோடுகள் அழகு. ஆனால் அந்த இரண்டு முகங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

மறுவாரம் வாசகி ஒருவர் அஞ்சலட்டையில் ஒரேயொரு வரி எழுதியிருந்தார்: "எந்த முகத்தைக் கண்டு அந்தக் கிழவி அழுதாள்?"

அட்டையை ஓவியரிடம் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, பேத்தி வருவாள் எண்டு முதல் கிழமையே சொல்லியிருந்தால் கிழவிக்கு வேறை மூக்கெல்லோ கீறியிருப்பன்" என்றார். குற்றம் என்னுடையது. முழுக் கதையும் என் மேசை இலாச்சியில் இருக்க, வாராவாரம் அந்தந்த அத்தியாயத்துக்குரிய நாலு வரிகளை மட்டுமே தொலைபேசியில் அவருக்குச் சொல்லிவந்தேன்.

ஒரு குடும்பத்தை வரைவதென்பது ஆட்களைத் தனித்தனியே வரைந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதன்று. வயதோடு மாறுவது எது, மாறாதது எது என்ற கணக்கை முதலிலேயே போட்டுக்கொண்டு தொடங்கவேண்டிய வேலை அது. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கோ ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். வளர்ந்தவரின் கண்கள் தலையின் நடுக்கோட்டில் இருக்கின்றன. குழந்தைக்கு அதற்குச் சற்றுக் கீழே. முதுமையில் பற்கள் விழ, தாடை எலும்பு தேய்ந்து, மூக்குக்கும் நாடிக்கும் இடையிலான தூரம் குறுகுகிறது. காது நீண்டு தெரிகிறது.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் ஈடுகொடுத்து நிற்கும் ஓர் அடையாளத்திலேதான் ஓவியர் குடும்பச் சாயலை வைக்கவேண்டும். புருவத்தின் வளைவு, காது ஒட்டியிருக்கும் விதம், இரு கண்களுக்கும் இடையிலான அகலம் ஆகியவை அத்தகையன. மூக்கு சற்று ஏமாற்றும். பேத்தி குமரியாக வந்தபடியால் எங்கள் ஓவியருக்கு அது உதவியிருக்கும். கைக்குழந்தையாக வந்திருந்தால் உதவாது; குழந்தையின் மூக்குத்தண்டு எழுந்திருப்பதில்லை.

உலகத்தின் சித்திரத் தொடர்களைப் பாருங்கள். சிக் யங் 1930 இல் தொடங்கிய 'பிளாண்டி'யில் மகன் அலெக்சாண்டர் தகப்பனின் அச்சு, மகள் குக்கி தாயின் அச்சு. வசனத்தை வாசிக்காமலே யார் யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடலாம். மாட் குரோனிங் உருவாக்கி 1987 இல் தொலைக்காட்சிக்கு வந்த 'சிம்ப்சன்ஸ்' குடும்பத்தின் உருண்டைக் கண்களும் முன்தள்ளிய மேலுதடும் பொதுவானவை. பிள்ளைகள் மூவருக்கும் தலைமயிருக்கும் தோலுக்கும் இடையே கோடே இல்லை. ஆனால் வெறும் நிழலுருவாகக் காட்டினாலும் ஒவ்வொருவரையும் பிரித்தறிந்துவிடலாம். ஒற்றுமை முகத்துக்குள், வேற்றுமை வெளிக்கோட்டில் என்பதே அங்குள்ள சூத்திரம்.

வயதைக் காட்டும் அடையாளங்கள் காலத்துக்கேற்ப மாறுவன என்பதையும் மறக்கலாகாது. ஜப்பானில் மச்சிகோ ஹசெகாவா என்ற பெண் ஓவியர் 1946 இல் தொடங்கிய பத்திரிகைத் தொடர் 'சஸாயே-சான்'. மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடு அது. அந்த வீட்டுத் தாத்தா நாமிஹேயின் உச்சந்தலையில் மிஞ்சியிருப்பது ஒற்றை மயிர். வட்டக் கண்ணாடி, மீசை. அவருடைய வயது 54! ஏறத்தாழ என் வயதுக்காரர். முதன்முறை அதை அறிந்தபோது கண்ணாடியின் முன் போய் நின்று பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐம்பத்தைந்தில் ஓய்வுபெறுவது ஜப்பானில் வழமையாயிருந்த காலத்தின் முகம் அது. எங்கள் ஓவியர்களோ இன்றும் பாட்டி என்றதும் கொண்டையும் கூனும் பொல்லுமாகத்தான் வரைகிறார்கள். இன்றைய அம்மம்மாக்கள் பலர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள்.

எலும்பில் மட்டுந்தான் சாயல் இருக்கிறதென்றும் எண்ணவேண்டாம். ஃபிராங்க் கிங் வரைந்த 'கேசொலின் அலி' என்ற அமெரிக்கத் தொடரில் 1921 பெப்ரவரி 14 அன்று ஒரு பிரமச்சாரியின் வாசற்படியில் குழந்தையொன்று கிடந்தது. வாசகர்களோடு சேர்ந்து அதுவும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து பெரியவனாயிற்று. இரத்த உறவில்லாத அத்தகைய தந்தைக்கும் மகனுக்கும் பொதுவான மூக்கைத் தேட முடியாது. நிற்கும் விதம், கையைக் கட்டும் பாங்கு, சிரிக்கும்போது தலை சாயும் பக்கம் என்பனவே அங்கு உறவைச் சொல்லக்கூடியவை. சத்யஜித் ராய் எடுத்து 1955 முதல் 1959 வரை வெளிவந்த மூன்று படங்களில் அப்புவாக நடித்தவர்கள் நால்வர். நாலு முகங்களும் ஒன்றல்ல. ஆயினும் நாம் காண்பது ஓர் அப்புவைத்தான்.

இன்று நிலைமை வேறு. தொடருக்குப் படம் வேண்டுமென்றால் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இரண்டு வரி எழுதினாற் போதும் என்று ஆசிரியபீடங்கள் நினைக்கத் தொடங்கிவிட்டன. ஓவியருக்குக் கொடுக்கும் சிறு தொகையும் மிச்சம். வரும் படங்களைக் கவனித்துப் பார்க்கிறேன். தாயும் மகளும் ஒரே வழுவழுப்பான முகத்தோடு வருகிறார்கள்; தாயின் காதோரத்தில் மட்டும் இரண்டு நரை. அடுத்த கிழமை அதே மகளுக்கு வேறொரு முகம். கருவியை மட்டும் குறைகூறமாட்டேன். கதை முழுவதையும் சொல்லாமல் நாலு வரி கொடுத்துப் படம் கேட்ட குற்றத்தை, அந்தக் கருவி வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்தவன் நான்.

ஆகவே வாரமலர்களைப் பொறுப்பேற்றிருக்கும் இளைய நண்பர்களிடம் கேட்பது இதுதான். தொடர் தொடங்குமுன் முழுக் கதையையும் ஓவியரிடம் கொடுங்கள். குடும்பத்தவர் அனைவரையும் உயர வரிசையில் ஒரே தாளில் நிறுத்தி அவர் வரைந்து தரட்டும். அதற்கும் ஒரு நாட் கூலி கொடுங்கள். பிரசுரமாகாத அந்தத் தாள்தான் பிரசுரமாகும் படங்களுக்கெல்லாம் அத்திவாரம்.

இது வெறும் பத்திரிகை அலுவலக விவகாரமென்று சிலர் நினைக்கக்கூடும். வெளிநாடுகளில் நெடுங்காலம் காணாமற்போன பிள்ளைகள் இன்று எப்படியிருப்பார்கள் என வரைவதற்கென்றே ஓவியர்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் சகோதரரும் அந்த வயதில் எடுத்துக்கொண்ட படங்களை வைத்துக்கொண்டே அவர்கள் வரைகிறார்கள். நான் மேலே சொன்ன அதே கலைதான்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரின் மடியில் இருந்த படங்களை நினைத்துப் பாருங்கள். படத்திலிருக்கும் பிள்ளைக்கு வயது ஏறவில்லை. படத்தை ஏந்தியவருக்கு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அத்தகைய தாயொருவரின் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த இளைய மகனைக் காட்டி, "இவனைப் பார்த்துத்தான் தம்பி, மூத்தவன் இப்ப எப்பிடி இருப்பான் எண்டு நினைக்கிறனான். ஆனால் அவனுக்கு நெத்தி கொஞ்சம் அகலம்" என்றார்.

பென்சில் பிடித்தறியாத அந்தத் தாய் நாள்தோறும் மனத்தில் வரைந்துகொண்டிருந்த படம் அது. நெற்றியின் அகலத்தைக்கூட அவர் தவறவிடவில்லை.

வாசகியின் அஞ்சலட்டையை அன்று நான் பிரசுரிக்கவில்லை. வாரமலருக்கு அவமானம் என்று எண்ணினேன். இன்றென்றால் படத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பேன்.