சோளத்தில ஐஸ்கிறீமோ?

'உலகத்தின் விசித்திரமான இனிப்புகள்' எண்டு ஒரு வீடியோ இடைக்கிடை எல்லாருடைய போனிலும் வந்து விழும். அதில் சோள ஐஸ்கிறீமுக்கும் சோளப்பாலுக்கும் ஒரு இடம் இருக்கும். கீழே எங்கட ஆக்களின் கொமென்டும் இருக்கும்: "சீ, சோளத்திலயோ?" அந்தச் 'சீ' எங்க இருந்து வந்தது எண்டுதான் இங்கே கதைக்கப் போறம்.

முதலில் ஒரு கேள்வி. ஐஸ்கிறீம் எண்டால் எங்களுக்கு உடனே நினைவுக்கு வாற மூன்று சுவை எது? வனிலா, சொக்லேட், ஸ்ரோபெரி. மூன்றையும் ஐரோப்பியச் சுவை போலத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறம். ஆனால் வனிலாக் கொடியின் சொந்த இடம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய காடுகளும். கொக்கோவைக் குடிபானமாக்கி ஸ்பானியருக்குக் காட்டியதும் அந்தப் பகுதி மக்கள்தான். இன்று நாங்கள் சாப்பிடும் பெரிய ஸ்ரோபெரிகூட, 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இரண்டு அமெரிக்க இனங்கள் கலந்து பிறந்தது. அதில் ஒன்று சிலி நாட்டுக்காரி.

இவற்றோடு அதே கண்டத்தில் இருந்து வந்த இன்னொரு உறவுதான் சோளம். ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்னர், தெற்கு மெக்சிகோவில், தியோசிந்தே எனும் காட்டுப்புல்லில் இருந்து மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உருவாக்கிய தானியம் அது. மற்ற மூன்றும் உலகத்தின் 'இயல்பான' இனிப்புச் சுவைகளாகிவிட்டன. சோளம் மட்டும் ஏன் 'சீ'?

மெக்சிகோக்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பினம். அங்கே 'அதோலே' எண்டு ஒன்று இருக்கு. சோளமாவைக் கரைத்து, கறுவா போட்டுக் காய்ச்சிய சூடான, தடிப்பான இனிப்புக் கூழ். அதற்குள் சொக்லேட்டும் சேர்ந்தால் 'சம்புர்ராதோ'. இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் நாட்களில் படையலுக்கும் அது வைக்கப்படும். பெருவில் ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், கறுவா, கராம்பு போட்டு அவித்து, ஆறவைத்து, சீனியும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் குடிப்பார்கள். பெயர் 'சிச்சா மொராதா'. பிரேசிலின் ஜூன் மாதத் திருவிழாக்களில் பிஞ்சுச் சோளத்தை அரைத்துப் பாலும் சீனியும் விட்டுக் கிண்டிய 'குராவு' இல்லாமல் இருக்காது. அதே அரைத்த சோளத்தைச் சோள மடலுக்குள்ளேயே வைத்துக் கட்டி அவித்தால் 'பமோன்யா'. இலையில் சுற்றி அவிக்கிற பலகாரம் எங்களுக்கொன்றும் புதுசில்லையே.

ஆசியாப் பக்கம் வந்தால் இன்னும் கிட்ட வந்திடும். வியட்நாமில் 'சே பாப்' எண்டால் சோளப் பாயாசம், மேலே தேங்காய்ப்பால். பிலிப்பைன்சில் 'கினாத்தாங் மாயிஸ்' எண்டால் பசையரிசியும் சோளமும் தேங்காய்ப்பாலில் வெந்தது. சுருக்கமாச் சொன்னால் சோளம் போட்ட பால்புக்கை. கொரியாவில் வறுத்த சோளத்தை அவித்த தண்ணியைத் தேநீர் போலக் குடிப்பினம். மலேசியாவின் ஐஸ் கச்சாங்கிலும் சோளம் இருக்கும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது பிலிப்பைன்சின் 'மாயிஸ் கொன் யெலோ'. ஒரு கிளாசுக்குள் இனிப்புச் சோளம், சீவிய ஐஸ், பால், சீனி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கிளாசுக்குள்ள எத்தனை வரலாறு எண்டு பாருங்கோ. சோளம், ஸ்பானியக் காலனியாட்சியில் மெக்சிகோவில் இருந்து கப்பலில் வந்தது. ஐஸ் சீவி இனிப்பு விற்கும் பழக்கத்தை அங்கே பரப்பியவர்கள் யப்பானியக் குடியேறிகள். ரின்பால் அமெரிக்க ஆட்சிக்காலத்தில் பரவியது. மூன்று வல்லரசுகள் மேலே ஏறி மிதித்துப் போன ஒரு சனம், மிஞ்சினதை எல்லாம் கூட்டிச் சேர்த்துத் தனக்கெண்டு ஒரு குளிர்பானம் செய்திருக்கு. இதைப் போய் 'விசித்திரம்' எண்டு சொல்லுறது எவ்வளவு மலிவான வார்த்தை!

அந்தச் 'சீ'க்கும் ஒரு வரலாறு இருக்கு. அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த ஸ்பானியருக்குக் கோதுமை 'எங்கட' சாப்பாடு, சோளம் 'அவர்களின்' சாப்பாடு. சோளத்தின் விதையை மட்டும் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில் அவித்து எடுக்கும் மெக்சிகோ மக்களின் முறையைக் கொண்டு போகவில்லை. அப்படி அவித்தால்தான் சோளத்தில் உள்ள நியாசின் எனும் விற்றமின் உடலில் சேரும். விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளைப் பெலாக்ரா எனும் நோய் வாட்டியது. ஒரு சனத்தின் சாப்பாட்டை இழிவாகப் பார்த்தால், அந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் இருக்கிற அறிவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதைத்தான் நாங்கள் முக்கியமா சொல்ல வாறம்.

எங்கட நாட்டுக்கு வருவம். இலங்கையில் விளையும் சோளத்தின் பெரும்பங்கு கோழித்தீனிக்குப் போகுது. மனுசர் சாப்பிடுறது ஹபரணைப் பக்கம் பஸ்ஸை நிப்பாட்டி வாங்கிற அவித்த சோளம். இல்லாட்டி பட்டரும் மிளகாய்த்தூளும் போட்ட கப். ஆனால் சோளத்தின் இனிப்பு எங்களுக்குத் தெரியாது எண்டு சொல்ல ஏலாது. கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் குடுக்கிற திரிபோஷாவின் முக்கிய மூலப்பொருள் சோளம்தான். தம்பி தங்கச்சிக்குத் தந்த பைக்கற்றில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்துக் களவாகத் தின்னாத ஆள் எங்களுக்குள்ள குறைவு. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டுச் சோள விளைச்சல் விழுந்தபோது, அடுத்த ஆண்டு திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. அதனால் பாதிக்கப்பட்டது ஆர் எண்டு சொல்லத் தேவையில்லை.

"அதெல்லாம் சரி, சோளம் எங்கட பாரம்பரியம் இல்லையே" எண்டு சிலர் கேட்பினம். அப்படிப் பார்த்தால் மிளகாயும் மரவள்ளியும் பப்பாசியும் கொய்யாவும்கூட அதே கண்டத்தில் இருந்து வந்தவைதான். மிளகாய் இல்லாத யாழ்ப்பாணக் கறியை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. எது எங்கட சாப்பாடு எண்டதை அடுப்படிதான் முடிவு செய்யுது, அதுவும் மெல்ல மெல்லத்தான்.

இதை வாசிக்கிற ஆக்கள் ஒரு வேலை செய்யலாம். இரண்டு இனிப்புச் சோளப்பொத்தி வாங்குங்கோ. பறித்து நேரமாக ஆக இனிப்புக் குறையும், ஆனபடியால் அன்றைக்கே அவியுங்கோ. மணியைச் சீவி, வெறும் தண்டையும் சேர்த்தே அவித்தால் மணம் கூடும். தண்டை எடுத்துப்போட்டு அரைத்து வடித்து, தேங்காய்ப்பால், கொஞ்சம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. சூடாகவும் குடிக்கலாம், ஐஸ் போட்டும் குடிக்கலாம். பிடிக்காட்டி விடுங்கோ, அது உங்கட நாக்கு. நியூயோர்க்கில் ஒரு கடை இதையே பத்து மடங்கு விலைக்கு விற்கும் வரைக்கும் காத்திருந்து, அதுக்குப் பிறகு 'வாவ்' சொல்லாமல் விட்டால் போதும்.