காலுக்கு வைத்தியம் செய்ய 11 ஆண்டு படிப்பு!

அமெரிக்காவில் காலுக்கென்று தனி டாக்டர் இருக்கிறார். அவருக்குப் "பொடயாட்ரிஸ்டு" என்று பெயர். பாதமும் கணுக்காலும்தான் அவருடைய வேலை. கால் ஆணியை எடுப்பார். சதைக்குள் வளர்ந்த நகத்தை வெட்டுவார். ஆறாத புண்ணை ஆற்றுவார். எலும்பு கோணினால் ஆபரேஷனும் செய்வார்.

இந்த டாக்டர் ஆக, பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு 11 ஆண்டு படிக்க வேண்டும்!

"காலுக்குப் போய் இவ்வளவு படிப்பா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றும் இல்லை. மனித உடம்பில் 206 எலும்புகள். அதில் 52 எலும்புகள் இரண்டு பாதங்களில் இருக்கின்றன. கால் பங்கு எலும்பு காலிலேதான் இருக்கிறது!

எத்தனை படிகள்!

முதலில் 4 ஆண்டு கல்லூரிப் படிப்பு. உயிரியலும் ரசாயனமும் பௌதிகமும் படித்திருக்க வேண்டும். பிறகு நுழைவுப் பரீட்சை. அதில் தேறினால் பாத மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்கலாம். அமெரிக்கா முழுவதும் சேர்த்து அப்படிப்பட்ட கல்லூரிகள் பத்துப் பதினொன்றுதான் இருக்கின்றன.

அங்கே 4 ஆண்டு. முதல் 2 ஆண்டு, மற்ற டாக்டர் மாணவர்கள் படிக்கும் பாடங்கள்தான் பெரும்பாலும். இதயம், நுரையீரல், மருந்து எல்லாம் உண்டு. காலைப் பார்ப்பவருக்கு இதயம் எதற்கு என்று கேட்கலாம். காலுக்கு ரத்தத்தை அனுப்புவது இதயம் அல்லவா? அடுத்த 2 ஆண்டு நோயாளிகளைப் பார்த்துப் பழகுகிறார்கள்.

பட்டம் கிடைத்து விட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. ஆஸ்பத்திரியில் 3 ஆண்டு பயிற்சி பெற வேண்டும். இதற்கு நடுவே தேசியப் பரீட்சை வேறு, 3 கட்டமாக நடக்கிறது. எல்லாவற்றிலும் தேறியவருக்கு மாநில வாரியம் லைசென்சு தருகிறது. ஒரு மாநிலத்து லைசென்சை வைத்துக் கொண்டு அடுத்த மாநிலத்தில் கத்தியைத் தொட முடியாது. அங்கே தனியாக வாங்க வேண்டும். லைசென்சை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். புதிய பாடங்களைப் படித்ததாகக் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள்.

18 வயதில் தொடங்கியவர் 29 வயதில் தொழிலுக்கு வருகிறார்.

லிங்கனின் கால்

ஒரு காலத்தில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அப்போது நடந்த கதை சுவையானது.

அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனுக்குக் கால் வலி இருந்தது. இசாக்கர் சக்கரி என்பவர் அவருக்கு வைத்தியம் செய்தார். இங்கிலாந்தில் பிறந்தவர். கையிலே நல்ல வித்தை இருந்தது. வாயிலும் இருந்தது! லிங்கனுக்கு வலி குறைந்தது. 1862-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, தம் கைப்பட ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அடிமைகளை விடுதலை செய்யும் முதல் பிரகடனத்தை லிங்கன் வெளியிட்டதும் அதே நாளில்தான்.

சக்கரி தம்மை "டாக்டர்" என்று சொல்லிக் கொண்டார். அவர் எந்த மருத்துவக் கல்லூரியிலும் பட்டம் பெற்றதற்குச் சான்று இல்லை. பாத நோய்களைப் பற்றித் தம் பெயரில் ஒரு புத்தகமும் வெளியிட்டார். அது இன்னொருவர் எழுதிய புத்தகத்தைக் காப்பி அடித்தது!

ஜனாதிபதிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. கை சுத்தமான ஆள் கிடைத்தார். ஊரில் உள்ள மற்றவர்களுக்கு யார் கிடைத்தார்களோ! சந்தையில் கடை விரித்துக் கால் ஆணி வெட்டியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். 1895-ல் நியூயார்க்கில் இத்தொழில் செய்பவர்கள் சங்கம் அமைத்தார்கள். பிறகு பள்ளிக்கூடம் வந்தது. பரீட்சை வந்தது. சட்டமும் வந்தது.

வலிக்காத புண்

இவ்வளவு படிப்பு தேவையா என்று கேட்பவர்கள் சர்க்கரை வியாதிக்காரரின் காலைப் பார்க்க வேண்டும்.

நாள்பட்ட சர்க்கரை வியாதியில் பாத நரம்புகள் மரத்துப் போகின்றன. முள் குத்தினால் தெரிவதில்லை. செருப்பு கடித்தால் தெரிவதில்லை. ரத்த ஓட்டமும் குறைந்து விடுகிறது. அதனால் புண் ஆறுவதில்லை. இப்படிப்பட்ட காலில் படிப்பில்லாதவர் கால் ஆணியைச் சீவினால் என்ன ஆகும்? கத்தி கொஞ்சம் ஆழமாகப் போகும். நோயாளிக்கு வலிக்காது. "நன்றாகச் செய்தார்" என்று பணமும் கொடுத்து விட்டு வருவார். சில வாரங்களில் விரல் கறுத்து விடும். விரலை எடுப்பார்கள். சில சமயம் காலையே எடுக்க வேண்டி வரும்.

கடையில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்திரியும் இப்படித்தான். அதில் உள்ள அமிலம் ஆணியைக் கரைக்கும். மரத்துப் போன காலில் நல்ல சதையையும் கரைத்து விடும்.

படித்தவர் முதலில் கத்தியை எடுப்பதில்லை. ஒரு நைலான் இழையை எடுக்கிறார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. பாதத்தில் அங்கங்கே அழுத்தி, "தெரிகிறதா?" என்று கேட்கிறார். பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறார். அதன் பிறகுதான் மற்றது. கத்தி பிடிக்க யாரும் பழகலாம். எப்போது பிடிக்கக் கூடாது என்று தெரியத்தான் படிப்பு வேண்டும்.

இங்கிலாந்தின் வழி

ஆனாலும் 11 ஆண்டு அதிகம்தான். எல்லாக் காலுக்கும் ஆபரேஷனா செய்யப் போகிறார்கள்?

இங்கிலாந்தில் 3 ஆண்டுப் பட்டப் படிப்பு போதும். ஸ்காட்லாந்தில் 4 ஆண்டு. படிக்கும் போதே நோயாளிகளைப் பார்த்துப் பயிற்சி பெறுகிறார்கள். பிறகு சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 2 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எலும்பில் ஆபரேஷன் செய்ய விரும்புகிறவர் மட்டும் மேலும் பல ஆண்டு படிக்கிறார். நகமும் ஆணியும் புண்ணும் பார்ப்பவருக்கு அந்தச் சுமை இல்லை. இதுதான் நியாயமான ஏற்பாடு.

அமெரிக்க மாணவர் கடனில் மூழ்கிப் படிக்கிறார். 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு கொடுமையும் நடந்தது. பட்டம் வாங்கிய பலருக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி இடம் கிடைக்கவில்லை. பயிற்சி இல்லை என்றால் லைசென்சு இல்லை. 8 ஆண்டு படித்தவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். முன்னதாகவே எண்ணிப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கலாம்.

இங்கிலாந்துச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பெரிய ஓட்டை! "பொடயாட்ரிஸ்டு", அதன் பழைய பெயரான "கிரோபொடிஸ்டு" ஆகிய பெயர்களைப் பதிவு இல்லாதவர் போட்டுக் கொண்டால் குற்றம். சட்டம் பெயரைத்தான் காக்கிறது. வேலையைக் காக்கவில்லை. "பாத நலப் பணியாளர்" என்று வேறு போர்டு மாட்டிக் கொண்டால், பதிவு இல்லாதவரும் கால் ஆணி வெட்டலாம். நல்ல பயிற்சி பெற்றவர்களும் அதில் இருக்கிறார்கள். குறுகிய காலப் பயிற்சிக்காரர்களும் இருக்கிறார்கள். கதவைத் தட்டும் கிழவிக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? சர்க்கரை வியாதிக்காரரின் காலையாவது பதிவு பெற்றவர்தான் தொட வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும்.

வேலூரில் கண்ட உண்மை

மரத்துப் போன காலைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த ஊர்களில் வேலூரும் ஒன்று. டாக்டர் பால் பிராண்டு 1946-ல் அங்கே வந்தார். தொழுநோயாளிகளின் பாதத்தில் புண் வருவது ஏன் என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை. வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே மீண்டும் மீண்டும் அடிபடுகிறது என்று கண்டார். மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்து கொடுத்தார்கள். புண்கள் குறைந்தன. 1966-ல் அவர் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அதே வழி சர்க்கரை வியாதிக்காரர்களின் காலுக்கும் பயன்பட்டது.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்களுடைய காலைச் சர்க்கரை வியாதி டாக்டர்களும் ஆபரேஷன் டாக்டர்களும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் உள்ளது போன்ற 4 ஆண்டுப் பாத மருத்துவக் கல்லூரி இங்கே இல்லை. 11 ஆண்டுப் படிப்பை இங்கே கொண்டு வர வேண்டியதில்லை. இங்கிலாந்தின் 3 ஆண்டுப் படிப்பு நம் ஆஸ்பத்திரிகளுக்குப் பொருந்தும்.

லண்டனில் மகன் வீட்டுக்குப் போகும் தாய்க்குக் காலில் ஆணி என்றால், போர்டை மட்டும் பார்த்து உள்ளே போக வேண்டாம். பதிவு பெற்றவர்களின் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இன்டர்நெட்டில் இருக்கிறது. பெயரைப் போட்டால் உடனே தெரியும். அமெரிக்காவிலும் ஒவ்வொரு மாநில வாரியத்திடமும் இப்படிப் பட்டியல் உண்டு. பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.