தனித்து நின்று சுமக்க வேண்டியதில்லை

ஒக்லாந்தில் எம்மவர் கூடும் பொங்கல் விழாக்களிலும் கலைவிழாக்களிலும் சில குடும்பங்களைக் காண முடிவதில்லை. "பிள்ளைக்குச் சுகமில்லை" என்ற ஒரே வரியோடு அழைப்பைத் தவிர்த்து விடுகின்றனர். உண்மையில் பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்லை, தடிமனும் இல்லை. மதியிறுக்கம் கொண்ட அப்பிள்ளை சபையில் சத்தமிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமே காரணம். அந்த நாலு பேர் வேறு யாருமல்லர், நாம்தாம்.

ஊரில் என்றால் அம்மம்மாவும் சித்தியும் அயலவரும் பிள்ளையை மாறி மாறிப் பார்த்துக்கொள்வர். இங்கோ தாயும் தந்தையும் மட்டுமே. அவர்களுக்கு "எல்லாம் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் மொழி போதாது. அதே பாதையில் நடந்தவர்களின் துணையே உண்மையான ஊக்கம்.

இதற்கு இந்நாட்டின் வரலாறே சான்று. அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துப் பெரும் காப்பகங்களுக்கு அனுப்புவதே ஒரு காலத்தில் இங்கு வழக்கமாயிருந்தது. அதனை ஏற்காத ஹால், மார்கரெட் அன்யன் தம்பதியினர் ஏனைய பெற்றோருடன் சேர்ந்து 1949இல் வெலிங்டனில் தொடங்கிய சங்கமே இன்றைய ஐ.எச்.சி. அமைப்பாகும். 1989ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இப்பிள்ளைகளுக்கு அரச பாடசாலைகளில் சம உரிமையை வழங்கிற்று. லெவின் நகருக்கு அருகிலிருந்த கிம்பர்லி காப்பகம் 2006இல் மூடப்பட்டது.

தமிழகத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. பெருமூளை வாதமுள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய நிறுவனமே இன்று வித்யாசாகர் என வளர்ந்துள்ளது. இரு நாடுகளிலும் பெற்றோரே முதல் அடியை எடுத்து வைத்தனர்.

மதியிறுக்கத்திற்கு மாவோரி மொழியில் 'தக்கிவாட்டங்கா' என்றொரு சொல் உண்டு. 2017இல் வெளிவந்த சொற்தொகுதிக்காகக் கேரி ஓப்பாய் உருவாக்கிய அச்சொல், தனக்கேயுரிய காலத்திலும் வெளியிலும் இருப்பதைக் குறிக்கும். அதில் குறை என்ற பொருளே இல்லை. எம் வீடுகளில் இப்பிள்ளைகளை எச்சொல்லால் அழைக்கிறோம் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்போம்.

பெற்றோரே, தமிழைக் கைவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுமாறு யாரேனும் கூறினால் அஞ்ச வேண்டாம். இருமொழிச் சூழல் மதியிறுக்கமுள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியோடு பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள். தொடர்ந்த பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைக்கு அரசு வழங்கும் கொடுப்பனவு, பெற்றோரின் வருமானத்தைக் கணக்கிற் கொள்வதில்லை. தகுதியிருந்தால் விண்ணப்பியுங்கள். அது பிச்சையன்று, உரிமை.

இளையோரே, கணினியும் ஆங்கிலமும் உங்களுக்குக் கைவந்தவை. ஒரு குடும்பத்தின் படிவங்களை நிரப்பிக் கொடுங்கள். சனிக்கிழமையில் இரண்டு மணி நேரம் அப்பிள்ளையோடு விளையாடுங்கள். களைத்த தாய் சற்று உறங்கட்டும்.

விழா அமைப்பாளர்களே, மண்டபத்தில் ஒலிபெருக்கி எட்டாத ஓர் அமைதியான அறையை ஒதுக்குங்கள். அடுத்த பொங்கலுக்கு அக்குடும்பத்தைத் தொலைபேசியில் அல்ல, நேரிற் சென்று அழைப்போம். பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்க்காமல், அருகே ஒரு கதிரையை நகர்த்திக் கொடுப்போம்.