சாவி கொழும்பில் இருக்கையில் சமூக வானொலி ஏது?

சிறிய வானொலி நிலையங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்களுக்கு ஏக்கப் பெருமூச்சு வந்துவிடுகிறது. தடுமாறும் அறிவிப்பாளர், பாதியில் நின்றுபோகும் பாட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்று நினைவுகளை அடுக்கிவிட்டு, காலம் மாறிவிட்டது என்று முடித்துவிடுகிறோம். காலத்தின்மீது பழியைப் போடுவது வசதியானது. கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. இங்கே சிறு வானொலி வேரூன்றாமற் போனதற்குக் காரணம், அதை மக்களின் கையில் ஒப்படைக்க எந்த அரசும் விரும்பவில்லை என்பதே.

வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்து குடியேறியவர்களுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. யுனெஸ்கோவும் டென்மார்க் அரசும் துணைநின்றன. தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் கிராமங்களில் தங்கி, மக்களையே பேசவும் பாடவும் வைத்தார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1989இல் கொத்மலையில் ஒரு நிலையம் பிறந்தது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அங்கே இணைய இணைப்பும் வந்தபோது, உலகெங்குமிருந்து ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் அந்த மலையை நோக்கிப் படையெடுத்தார்கள்.

செய்தி சேகரிக்க நானும் சென்றவன்தான். நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் ஆங்கில இணையப் பக்கங்களில் விடை தேடினார்கள். நோயைப் பற்றிய கேள்வி என்றால் உள்ளூர் மருத்துவர் ஒருவர் ஒலிவாங்கி முன் அமர்ந்து விளக்கினார். கணனியைக் கண்ணாலும் காணாத விவசாயி, வானொலிப் பெட்டி வழியாக இணையத்தைப் பயன்படுத்தினார். அந்த எளிமையான சூழ்ச்சியை இன்றும் வியக்கிறேன்.

ஆனால் வியப்போடு நின்றுவிடலாகாது. அந்த நிலையம் யாருடையது? இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தினுடையது. அலைவரிசையும் ஊழியர்களும் கூட்டுத்தாபனத்தைச் சேர்ந்தவர்களே. சமூகம் பேசலாம், ஆனால் எதைப் பேசலாம், எப்போது நிறுத்தலாம் என்பதைத் தீர்மானிக்கும் சாவி கொழும்பில். பேச்சு பெரும்பாலும் சிங்களத்திலேயே. சுற்றிலுமுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் அந்தச் சமூகத்தில் எவ்வளவு தூரம் சேர்த்தி என்று உலகத்திலிருந்து வந்த விருந்தினர் பலர் கேட்கவேயில்லை.

ஒலிபரப்பு அனுமதி இன்னும் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் நிழலில்தான் இருக்கிறது. 1990களில் தனியாருக்குக் கதவு திறந்தபோது உள்ளே நுழைந்தவை கொழும்பு நிறுவனங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கமோ கிராமக் கூட்டுறவோ சொந்தமாக ஒரு நிலையம் நடத்துவதற்கென்று தனி அனுமதி முறை வகுக்கப்படவேயில்லை. இத்தனைக்கும், அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசு அவற்றின் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டுமே என்று நம் உயர் நீதிமன்றம் 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூல வழக்கில் தெளிவாகச் சொன்னது.

சிறு நிலையங்கள் இனவாதத்தைப் பரப்பும் என்று அஞ்சுவோர் உளர். இனவாதம் பரவுவதற்குச் சிறு நிலையம் தேவைப்பட்டதா, ஐயா? பெரிய ஊடகங்களே அந்தத் திருப்பணியைச் செவ்வனே செய்திருக்கின்றனவே! நேபாளத்தில் சாகர்மாதா வானொலி 1997இல் தொடங்கியது. அந்நாடு உள்நாட்டுப் போரைக் கடந்த காலத்திலும் சமூக வானொலிகள் அங்கே பெருகின. தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழக வானொலி 2004இல் வந்தது. பாம்பன் மீனவர்களுக்குக் கடல் ஓசை என்றொரு நிலையம் இருக்கிறது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களுக்கு 100 வாட் அளவு வலு போதும். ஏறத்தாழ 10 கிலோமீற்றர் எட்டும். ஒரு மலைச்சரிவுக்கும் அதன் அடிவாரத்துக்கும் வேறென்ன வேண்டும்?

கைத்தொலைபேசி இருக்கையில் வானொலி எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் மாண்டனர்; கண்டி மாவட்டமே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. மின்சாரம் அறுந்தது, தொலைபேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோதே கற்றிருக்க வேண்டிய பாடம் இது. பற்றரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியும், மலையை அறிந்த ஒருவரின் தமிழ்க் குரலும் எல்லோரையும் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலரேனும் வீட்டைவிட்டு வெளியேறியிருப்பார்கள். அந்தச் சிலர் போதாதா?

ஆகவே நினைவுக் கட்டுரைகளை நிறுத்துவோம். சமூக வானொலிக்குத் தனி அனுமதிப்பத்திரம், ஏழைச் சங்கங்களும் செலுத்தக்கூடிய கட்டணம், அமைச்சரின் கையில் அல்லாது சுயாதீன ஆணைக்குழுவின் கையில் தீர்மானம், மலையகத்தில் தமிழுக்கு உரிய இடம் – இந்த நான்கையும் கேட்போம். மலையக மக்கள் பிரதிநிதிகள் என்று பாராளுமன்றத்தில் அமர்ந்திருப்பவர்கள் முதலில் வாய் திறக்கட்டும். அடுத்த பருவமழைக்கு முன்பாகவே திறக்கட்டும்.