காயத்தைக் காட்டிய படங்கள்

நல்ல புகைப்படம் கண்ணுக்கு விருந்தாக வேண்டுமா, பார்ப்பவரை உலுக்க வேண்டுமா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கண்காட்சிக்குரிய படங்களைப் பற்றிக் கலைஞர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும். நான் பேச வந்தது பத்திரிகைப் படத்தைப் பற்றி.

அழகு பாவமன்று. யப்பானின் மினமாட்டாவில் 1971 இல் யூஜின் ஸ்மித் எடுத்த படம் ஒன்றுண்டு. ஆலைக் கழிவின் பாதரச நஞ்சால் பிறவியிலேயே உடல் முடங்கிய மகளைத் தாய் குளியல் தொட்டியில் ஏந்தியிருக்கிறாள். பழைய தேவாலய ஓவியம் போன்ற ஒளி. அந்த ஒளி இல்லாதிருந்தால் 'லைஃப்' வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். ஆயினும் மகள் இறந்து ஆண்டுகள் கழிந்த பின்னர், அவளை இனியாவது ஓய்வெடுக்க விடவேண்டும் எனப் பெற்றோர் விரும்பினர். படத்தின் உரிமையை வைத்திருந்த ஐலீன் ஸ்மித் 1998 இல் அதனை அவர்கள் முடிவுக்கே விட்டார். உலகம் வியந்த படம் பெற்றோருக்குப் பாரமாயிருந்தது.

உலுக்குவதொன்றே போதும் என்போர் நமது போர்க்காலத் தமிழ் ஏடுகளைப் புரட்டிப் பார்க்கலாம். முகம்கூட மறைக்கப்படாத சடலங்கள் முன்பக்கத்தில் வெளிவந்தன. முதலில் நெஞ்சு பதறியது. பிறகு பழகிப்போயிற்று. தன் பிள்ளையைக் காலைப் பத்திரிகையில் அந்தக் கோலத்தில் காணும் தாயைப் பற்றி ஆசிரிய பீடங்கள் எவ்வளவு யோசித்தன என்பது வேறு கதை.

இவ்விரு தட்டுகளிலும் வைக்க முடியாத படங்கள் சில உள்ளன. 2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்ததாகப் படைத்தரப்புக் கூறிற்று. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அச்சடலங்களைப் படமெடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. கோணம், ஒளியமைப்பு என்று பேச அவற்றில் எதுவுமில்லை. கண்ணீரை வரவழைக்கும் எத்தனமும் இல்லை. காயம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் காட்டின. அதுவே போதுமாயிருந்தது, கைக்குண்டுக் கதை நிலைக்கவில்லை. என் கணக்கில் பத்திரிகைப் படத்தின் முதல் வேலை இதுதான். அழகும் அதிர்ச்சியும் அதற்குப் பின்னரே வரவேண்டும்.

அதே மாதம் 24 ஆம் திகதி காலை, வேலைக்குப் போகப் பேருந்துக்காகக் காத்து நின்ற சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்துக்கு இப்படியும் எதிர்வினை உண்டு.

மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரையும், போதிய சான்றில்லை என்று 2019 ஜூலையில் திருகோணமலை நீதிமன்றம் விடுவித்தது. சுகிர்தராஜனைச் சுட்டதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.