குழந்தையின் சொல்லை எந்தத் தராசில் நிறுக்கிறார்கள்?



"மாமா" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சிறுமியைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தார்கள். மும்பையில், நம் தமிழ்க் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்த குழந்தை அவள். பெயர், வயது, தெரு, ஆண்டு எதையும் எழுத மாட்டேன். அடையாளம் வெளிப்படக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் எழுத மாட்டேன்.

சங்கத்தின் சார்பில் அந்தக் குடும்பத்தோடு நீதிமன்றத்துக்கு நடந்தவன் நான். விசாரணை மூடிய அறையில். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைத் தாய் வந்து சொன்னார்.

குழந்தை காவல் நிலையத்தில் சொன்னது "பக்கத்து வீட்டு மாமா" என்று. எழுதியவர் மராத்தியில் "மாமா" என்று மட்டும் எழுதிக்கொண்டார். நம் பிள்ளைகளுக்கு மீசை முளைத்த எவரும் மாமாதானே! மராத்தியில் மாமா என்றால் தாயின் உடன்பிறந்தவர். நீதிமன்றத்தில் கேள்வி வந்தது: உன் அம்மாவுக்கு அண்ணன் தம்பி உண்டா? இல்லை என்றாள் குழந்தை. அப்படியானால் முதலில் நீ சொன்ன மாமா யார், இப்போது காட்டுகிற ஆள் யார்? முரண்பாடு நம்பர் ஒன்று! "விளக்கு வைக்கிற நேரம்" என்று அவள் சொன்னது ஏட்டில் இரவு எட்டு மணி ஆகியிருந்தது. கூண்டில் "இருட்டவில்லை" என்றாள். முரண்பாடு நம்பர் இரண்டு! நல்லவேளையாக நீதிபதி பொறுமைசாலி. கேள்வியைத் தானே எடுத்து, மெதுவாகத் திருப்பிக் கேட்டார். சொல் விளங்கியது. வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால்?

நான் ரயில்வே குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு நின்றவன். பார்சல் பிரிவில் பல ஆண்டு இருந்திருக்கிறேன். இரண்டு இடத்தில் இரண்டு எடை காட்டினால், மூட்டை அனுப்பியவனைத் திருடன் என்று உடனே சொல்வதில்லை. முதலில் தராசு சரியா என்று பார்ப்போம். நீதிமன்றத்தில் தராசைப் பார்ப்பது யார்?

சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள். சட்டம் நிறையவே இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம், வாக்குமூலம் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள இடம் தருகிறது (26-ஆம் பிரிவு). நீதிமன்றத்திலும் அப்படியே (38-ஆம் பிரிவு). வக்கீல்கள் குழந்தையை நேரே குடையக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் சொல்ல, அவர்தான் குழந்தையிடம் கேட்க வேண்டும். திரும்பத் திரும்ப அழைத்து அலைக்கழிக்கக் கூடாது (33-ஆம் பிரிவு). முப்பது நாளில் குழந்தையின் சாட்சியம், முடிந்தவரை ஓராண்டில் வழக்கு (35-ஆம் பிரிவு). ஏட்டில் எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் நம் பேட்டைக் காவல் நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் யார் என்றால், எதிரே டீக்கடை வைத்திருப்பவரைக் கூட்டி வருகிறார்கள். அவருக்கு எதிரில் அந்தக் குழந்தை என்னத்தைச் சொல்லும்?

குழந்தையின் சொல் மட்டும் போதுமா, வேறு சாட்சி வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். இது இன்று எழுந்த கேள்வியல்ல. ராஜஸ்தானிலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுமியின் வழக்கில், 1951 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. துணைச் சாட்சியம் தேடுவது நீதிபதியின் எச்சரிக்கைக்காக மட்டுமே, அது இல்லாமல் தண்டிக்கவே முடியாது என்று சட்டம் இல்லை என்று நீதிபதி விவியன் போஸ் எழுதினார். சிறுமி தாயிடம் சொன்னதையே துணைச் சாட்சியமாக ஏற்றார்கள். 1996-இல் பஞ்சாப் வழக்கில், பாதிக்கப்பட்டவளைக் குற்றத்தில் கூட்டாளியைப் போலச் சந்தேகிக்காதே என்று அதே மன்றம் கண்டித்தது.

ஆனால் இடையிலே என்ன நடந்தது? 1972-இல் இதே மகாராஷ்டிரத்தில், சந்திரபூர் மாவட்டத்தில், காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமிக்கு நேர்ந்தது ஊரறிந்தது. பதினாறைத் தாண்டாத வயது. உடம்பில் காயம் இல்லை, ஆகவே இணங்கினாள் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-இல் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், பெண்கள் தெருவில் இறங்கினார்கள், 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. அத்தோடு தீர்ந்ததா? 2021 ஜனவரியில் நாகபுரி அமர்வு, உடைக்கு மேலே தொட்டால் போக்சோவில் சொல்லும் பாலியல் தாக்குதல் ஆகாது, தோலோடு தோல் பட வேண்டும் என்றது. பன்னிரண்டு வயதுக் குழந்தை! அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. கையால் தடவியவன் தழும்பு வைத்துவிட்டா போவான்? காயச் சான்று கேட்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

குழந்தை விரல் நீட்டிய எவனையும் உள்ளே தள்ளு என்று நான் எழுதவில்லை. 29-ஆம் பிரிவு குற்றத்தை அனுமானிக்கச் சொல்கிறது, உண்மைதான். ஆயினும் அடிப்படைச் சங்கதிகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் பல சொல்லியிருக்கின்றன. அது சரிதான். பேட்டையில் எது நடந்தாலும் முதலில் பிடித்துக்கொண்டு போவது வெளியூர்க்காரனை. அவனுக்கும் மராத்தி வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. நல்ல மொழிபெயர்ப்பாளர் வந்தால் பொய் வழக்கும் முதல் நாளிலேயே வெளுக்கும். இதில் யாருக்கு நட்டம்?

இனி நம் பக்கம். கசப்பானாலும் சொல்ல வேண்டும். இந்த வழக்கு நீதிமன்றம் போகாமல் தடுக்க நம் பெரியவர்கள் இரண்டு முறை கூடினார்கள். "ஊர்ப் பெயர் கெடும், பெண் பிள்ளை நாளைக்கு வாழ வேண்டும்" என்றார்கள். தொகைகூடப் பேசினார்கள்! அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். முதல் முறை வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு உண்டு. தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு என்று 21-ஆம் பிரிவு சொல்வது அன்று எனக்குத் தெரியாது. சமரசம் பேசிய பிறகு வழக்கு தொடர்ந்தாலும் என்ன ஆகிறது? தாய் தகப்பனே கூண்டில் ஏறி "ஒன்றும் நடக்கவில்லை" என்று பிறழ்சாட்சி சொல்கிறார்கள். குழந்தையின் சொல் தன்னந்தனியாக நிற்கிறது. பிறகு நீதிபதியை ஏசி என்ன பயன்?

இன்னொன்றையும் அந்தத் தாய் சொன்னார். எங்கே தொட்டான் என்று கேட்டபோது குழந்தை "அங்கே" என்றாளாம். எங்கே என்று மறுபடி கேட்டார்கள். "அங்கே" என்றாள். அந்த உறுப்புக்கு நாம் அவளுக்கு ஒரு பெயரும் சொல்லித் தந்ததில்லை, வசைச் சொல்லைத் தவிர. கடைசியில் ஒரு பொம்மையைக் கொடுத்தபிறகுதான் காட்டினாள்.

மாவட்ட நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்று வேண்டும், காவல் நிலையத்தில் அதன் நகல் தொங்க வேண்டும் என்று சங்கம் மனு தயாரித்திருக்கிறது. தமிழும் மராத்தியும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நால்வராவது முன்வர வேண்டும். ஆசிரியைகள், செவிலியர்கள் யாராயினும் சரி. ஞாயிறு மாலை சங்க அறையில் நான் இருப்பேன். மனுவில் கையெழுத்திட வருகிறவர்கள் அந்தக் குடும்பம் எது என்று மட்டும் என்னிடம் விசாரிக்க வேண்டாம்.