மழுப்பியவர் தாமதித்தவர் அல்லர்

அண்மையில் மொழிபெயர்ப்புச் செய்தி ஒன்றை வாசிக்க நேர்ந்தது. விசாரணைக் குழுவின் முன் அதிகாரி ஒருவர் ‘பதிலளிக்கத் தாமதித்தார்’ என்றிருந்தது. ஐயம் தோன்றவே ஆங்கில மூலத்தைத் தேடிப் பார்த்தேன். அங்கிருந்த வினைச்சொல் ‘ப்ரிவாரிகேட்’. உண்மையைச் சொல்லாமல் நழுவினார் என்று மூலம் அவர்மேல் குற்றம் சாட்டுகிறது. நம் தமிழோ, சற்றே மந்தமானவர் என்று சான்றளித்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. நண்பர்களே, இதைக் கைப்பிழை என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

காலம் தாழ்த்துவதற்கு ஆங்கிலத்தில் ‘ப்ரொக்ராஸ்டினேட்’ என்றொரு சொல் தனியே உண்டு. ‘நாளை’ என்று பொருள்படும் ‘க்ராஸ்’ என்னும் லத்தீன் சொல் அதனுள் அமர்ந்திருக்கிறது. ‘ப்ரிவாரிகேட்’டின் குலமே வேறு. காலை அகட்டிக் கோணலாக நடப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையின் வழிவந்தது அது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மூத்த பிளினி, உழவைப் பற்றி எழுதுமிடத்தில் இச்சொல்லை ஆள்கிறார். குனிந்து உழாதவனின் சால் கோணிப்போகும். வயலில் பிறந்த இச்சொல்லே பின்னர் வழக்குமன்றம் ஏறியது என்பது அவர் தரும் விளக்கம்.

மன்றத்தில் அதன் பொருள் இன்னும் கொடியது. எதிராளியோடு மறைவில் கைகோத்து, தான் தொடுத்த வழக்கைத் தானே தோற்கடிப்பவனை அது சுட்டியது. கி.மு. 70இல், சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரெஸ்மீது வழக்கு நடத்தும் உரிமையைக் கேட்டு, அவரிடமே பணியாற்றிய கைசிலியஸ் முன்வந்தார். இவர் கையில் ஒப்படைத்தால் வழக்கு வெறும் நாடகமாகிவிடும் என்று வாதாடி, சிசரோ அவ்வுரிமையைத் தாம் பெற்றார். வெர்ரெஸ் தீர்ப்புக்குக் காத்திராமல் ரோமை விட்டகன்றார். ரோமானியச் சட்டம் வழக்குத் தொடுப்போரின் குற்றங்களை மூன்றாக வகுத்திருந்தது: பொய்க்குற்றம் சுமத்துதல், மெய்க்குற்றத்தை மறைத்தல், தொடுத்த வழக்கை அடியோடு கைவிடுதல். நம் வினைச்சொல் நடுவிலுள்ளதற்கு உரியது. தாமதத்துக்கு அங்கே இடமே இல்லை.

குழப்பம் ஏன் நேர்கிறது என்பது புரியாமல் இல்லை. இரண்டு சொற்களும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் தொடங்குகின்றன. மழுப்புகிறவர் நேரத்தையும் கடத்துகிறார். இங்கிலாந்திலேயே பலர் இப்பிழையைச் செய்கிறார்கள்.

‘சொற்பொருள் மாறுவது இயல்புதானே? நறுமணத்தைக் குறித்த நாற்றம் இன்று முகம் சுளிக்க வைக்கவில்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மாறும், மறுக்கவில்லை. வேர்ப்பொருளையே பிடித்துத் தொங்குவதும் என் நோக்கமன்று. அப்படிப் பார்த்தால், இன்றைய ஆங்கிலத்தில் எவர் மழுப்பினாலும் இச்சொல் பொருந்துவதே ஒரு மாற்றம்தான். ஆனால், நாற்றத்தின் பொருள் ஊரறிய மாறியது. இன்று எவரும் அதனால் ஏமாறுவதில்லை. இதுவோ, எழுதியவர் ஒரு பொருளில் எழுத, மொழிபெயர்ப்பவர் வேறொரு பொருளில் வாசிப்பது. இதை மொழிவளர்ச்சி என்று அழைப்பது நம் சோம்பலுக்கு நாமே சூட்டிக்கொள்ளும் மகுடம்.

தாமதம் ஒரு குறை. மழுப்பல் ஒரு வஞ்சகம். முன்னதை மன்னிக்கலாம், பின்னதைக் கேள்வி கேட்க வேண்டும். மன்னிப்பதா, கேட்பதா என்று வாசகன் முடிவு செய்யும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் குறுக்கே வந்து நிற்கலாகாது.

தமிழில் சொல் இல்லை என்ற சாக்கும் செல்லாது. மழுப்பினார், பூசி மெழுகினார், ஈரெட்டாகப் பேசினார் என்று எத்தனை வேண்டும்! அகராதியைப் புரட்ட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடத் தயங்கும் மொழிபெயர்ப்பாளரின் சாலும் கோணித்தான் போகும்.